கசந்த மக்ரூன்

"சாமி, எனக்கு ஏதாவது தண்டனை குடுங்க."

கேட்டவர் குற்றாலிங்கம். சந்தை சந்தையாக, பேக்கரி பேக்கரியாக அலைந்து நல்ல தின்பண்டம் எங்கே கிடைக்கிறது என்று ஊருக்குச் சொல்கிறவர். அவர் ஒரு கடையைப் புகழ்ந்தால் மறுநாள் அங்கே நிற்க இடமிருக்காது.

சாமி தூத்துக்குடி உப்பளத்து ஓரம் ஒரு குடிசையில் இருந்தார். குற்றாலிங்கத்தைவிட வயதில் இளையவர். ஆனாலும் குரு அவர்தான்.

என்ன செய்தீர்கள் என்று சாமி கேட்டார்.

குற்றாலிங்கம் இழுத்து இழுத்துத்தான் சொன்னார். ஐப்பசியில் வந்த காய்ச்சலோடு நாக்கு செத்துப்போய்விட்டது. இனிப்பும் தெரியவில்லை, கசப்பும் தெரியவில்லை. அதை அவர் வெளியே சொல்லவில்லை. அத்தனை பேர் வாய் பிளந்து கேட்கும்போது சொல்ல மனசு வருமா? கடைக்காரர் முகத்தைப் பார்த்து ஏதோ புகழ்ந்து காலத்தை ஓட்டிவிட்டார்.

போன வாரம் ஜெசிந்தா கூப்பிட்டாள். முட்டை வெள்ளையை நுரைக்க அடித்து, முந்திரிப்பொடியும் சர்க்கரையும் சேர்த்து மக்ரூன் போடுகிறவள். பிழைப்பே அந்த அடுப்புதான். ஒரு பெரிய பேக்கரியில் மாதிரிக்குக் கொஞ்சம் கேட்டிருந்தார்கள். பிடித்துவிட்டால் தினமும் அவளிடமே எடுப்பார்கள். ஆனால் தவக்காலம். ஈஸ்டர் வரை இனிப்பை வாயில் வைப்பதில்லை என்று நேர்ந்திருந்தாள். நீங்கள் தின்று பார்த்துச் சொல்லுங்கள் என்று அவரிடம் நீட்டினாள்.

"பிரமாதம்னு சொல்லிட்டேன் சாமி."

"அப்புறம்?"

"முந்திரி கெட்டுக் கசந்திருக்கு. பேக்கரிக்காரங்க வாயில வச்சுப் பாத்துட்டு அப்படியே திருப்பி அனுப்பிட்டாங்க."

"அவ திட்டினாளா?"

"திட்டியிருந்தா தேவலையே. அண்ணாச்சி நல்லாருக்குன்னு சொன்னபிறகு அவங்களுக்கு என்ன தெரியும்னு சொல்லுதா. அதே முந்திரியில இன்னைக்கு இன்னொரு கடைக்குப் போடப்போறா. திரும்பி வந்ததுல ஒரு பொட்டலம் எனக்கும் கட்டிக் குடுத்தா. வாங்கிக்கிட்டு வந்தேன் சாமி. கூசிப்போச்சு."

அவளிடம் உண்மையைச் சொல்லிவிட வேண்டியதுதானே என்றார் சாமி.

அது மட்டும் முடியாது என்றார் குற்றாலிங்கம். ஊர் சிரிக்கும். வேறு எதுவானாலும் சரி, பட்டினி கிடக்கிறேன், உப்பளத்தில் வெறுங்காலோடு நடக்கிறேன் என்றார். யாருக்கும் தெரியாமல் முடிந்துவிட்டால் நல்லது.

பெரிய ஆள்தான்.

சாமி பொட்டலத்தை வாங்கிப் பிரித்தார். ஒரு மக்ரூனை எடுத்து வாய்க்குக் கொண்டுபோனார்.

குற்றாலிங்கம் எட்டி அவர் கையைப் பிடித்தார்.

"வேண்டாம் சாமி. கசக்கும்."

சாமி அவரைப் பார்த்தார்.

"என்னைத் தடுத்துட்டீங்க. அவளை?"

குற்றாலிங்கம் அந்த மக்ரூனை வாங்கித் திரும்பப் பொட்டலத்தில் வைத்தார். பிறகு எழுந்து போனார்.

அவர் போய்ச் சேர்ந்தபோது ஜெசிந்தா மக்ரூன் கலவையைத் தட்டில் பிழிந்துகொண்டிருந்தாள். வாசலில் வாங்க வந்தவர்கள் நின்றார்கள். அவர்களை அனுப்பிவிட்டுச் சொல்லலாமா என்று ஒரு நிமிடம் யோசித்தார். பிறகு எல்லார் காதிலும் விழும்படியே சொன்னார். என் நாக்கு செத்துப் பல மாதம் ஆகிறது. அன்றைக்கு எனக்கு எந்த ருசியும் தெரியவில்லை. நான் சொன்னது பொய்.

யாரோ சிரித்தார்கள்.

ஜெசிந்தா சிரிக்கவில்லை. கையைத் துடைத்துக்கொண்டாள். திரும்பி வந்த மக்ரூன்களில் ஒன்றை எடுத்தாள். சிலுவை போட்டுக்கொண்டு வாயில் வைத்தாள்.

மென்று விழுங்கும்வரை அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவரால் கண்ணை எடுக்க முடியவில்லை.

"விரதமும் போச்சு, அண்ணாச்சி" என்றாள்.