காலடித் தடம் இல்லாத குற்றவாளி

கொன்றையூரை ஆண்ட மாறவண்ண பூபதி நல்ல ராஜாதான். ஆனால் அவருக்கு யோசனை வந்தால் ஊருக்குக் காய்ச்சல் வரும்.

ஒரு சித்திரை மாதம் வேட்டைக்குப் போனார். மானும் இல்லை, மயிலும் இல்லை. ஒதுங்கி நிற்க ஒரு மரம்கூட இல்லை. உச்சி வெயிலில் கிரீடம் சூடேறி மண்டையைச் சுட்டது.

"நம் காட்டு மரமெல்லாம் எங்கே போச்சு?" என்று கத்தினார்.

அரண்மனைக்குப் புதிதாகக் கட்டிய கோடை மண்டபத்துக்குத்தான் போயிருந்தது. அதைக் கட்டுவித்தவர் பிரதானி அனந்தப்பர். அவர் கண்ணைக்கூட இமைக்காமல், "பள்ளிக்கூடங்கள்தான் மகாராஜா. பிள்ளைகளுக்குக் கூழ் காய்ச்சுகிறேன் என்று வெட்டித் தள்ளுகிறார்கள்" என்றார். எதிர்த்துப் பேச வாய் இல்லாதவன் மேல்தானே பழியைப் போட முடியும்?

மறுநாளே முரசு அறைந்தார்கள். "மண்ணை நோகடிக்காத பள்ளிக்கூடத்துக்கு ஒரு ஜோடிக் கறவை மாடு பரிசு! நோகடிக்கிற பள்ளிக்கூடத்துக்குப் பூட்டு! அங்கே பாடம் சொல்லும் அண்ணாவிக்குப் பன்னிரண்டு கசையடி! மகாராஜா நேரில் வந்து பார்ப்பார்!"

பதினைந்து ஊர் போய்ப் பார்த்தார், ஒன்றுக்கும் மாடு கிடைக்கவில்லை. பதினாறாவது தேத்தாங்குளம். அங்கே அண்ணாவி திருமலைக்கொழுந்து. பாவம், மனுஷன் முரசுச் சத்தம் கேட்பதற்கு முன்பிருந்தே ஒழுங்காக இருந்தவர். அவர் பள்ளியில் கூழ் காய்ச்சுவது கீழே விழுந்த தென்னை மட்டையில். எழுதுவது மணலில். பிள்ளைகள் கை கழுவிய தண்ணீர் வாழைக்குப் போகும். ராஜா வருகிறார் என்றதும் அவருக்கு ஒரே சந்தோஷம். மாட்டுக் கொட்டகைக்கு இடம்கூடப் பார்த்து வைத்துவிட்டார்.

ராஜா வருவதற்கு முதல் நாளே பரிவாரம் வந்து இறங்கியது. ஏழு யானை, நாற்பது குதிரை, சமையல்காரர்கள் ஒரு படை. பத்தடிக்கு ஒரு தோரணம் வேண்டும் என்றார் பிரதானி. பள்ளிக்கூடத்து வாழைத் தோட்டம் சாய்ந்தது. விருந்து வேக விறகு வேண்டுமே, நான்கு இலுப்பை மரம் விழுந்தது. புழுதி அடங்கவும் யானை குளிக்கவும் குளத்துத் தண்ணீர் போதவில்லை. மிச்சமிருந்த பச்சையை யானைகள் பார்த்துக்கொண்டன.

மறுநாள் ராஜா அம்பாரியில் வந்து பார்த்தார். மொட்டைத் தோப்பு. சேற்றுக் குளம்.

"இது பள்ளிக்கூடமா, சுடுகாடா? இழுத்து வாருங்கள் இந்த அண்ணாவியை!"

அவ்வளவுதான். கையைக் கட்டி அரண்மனைக்குக் கொண்டுபோனார்கள். அண்ணாவி வாயைத் திறக்கப் போனார். பிரதானி ஒரு பார்வை பார்த்தார். வாய் மூடிக்கொண்டது.

சபையில் விகடன் இடும்பன் இருந்தான். பரிவாரத்தின் கடைசியில் கழுதை மேல் வந்து எல்லாவற்றையும் பார்த்தவன். அந்த விறகில் வெந்த சோற்றை மூன்று தரம் கேட்டு வாங்கித் தின்றவனும்கூட. கட்டிய கையோடு நின்ற அண்ணாவியைப் பார்த்ததும் அந்தச் சோறு இப்போதுதான் அவன் தொண்டையில் அடைத்தது. எழுந்தான்.

"மகாராஜா, இது இவர் வேலை இல்லை. வெளியூர் ஆசாமி ஒருத்தன் வந்து செய்தது."

"அப்படியா? அவன் காலடித் தடத்தை நாளைக்குள் கொண்டு வா. இல்லாவிட்டால் பன்னிரண்டில் ஆறு அடி உனக்கு!"

மறுநாள் இடும்பன் ஒரு பித்தளைத் தாம்பாளத்தோடு வந்தான். மேலே பட்டுத்துணி. ராஜா ஆவலாக விலக்கினார். சபையே மூக்கைப் பொத்தியது.

"அடேய், காலடித் தடம் கேட்டால் யானைச் சாணியைக் கொண்டு வருகிறாயா?"

"தோப்பு முழுக்கத் தேடினேன் மகாராஜா. தடம் கிடைக்கவில்லை. அந்த ஆசாமியின் கால் தரையில் படவே இல்லை."

"கால் தரையில் படாதவனா? தேவனா அவன், பேயா?"

"இரண்டும் இல்லை. யானை மேல் வந்தவர். அவர் கால் எதையும் விட்டுப் போகவில்லை. அவரைச் சுமந்து வந்தவர் விட்டுப் போனதுதான் இது."

அந்த வட்டாரத்தில் அம்பாரி யானை ஒன்றுதான். அதில் ஏறுபவரும் ஒருவர்தான். ராஜா பிரதானியைப் பார்த்தார். பிரதானி மேற்கூரையைப் பார்த்தார்.

"எத்தனை மரம் போச்சு?" ராஜாவின் குரல் இறங்கியிருந்தது.

அண்ணாவி இப்போது வாயைத் திறந்தார். "இலுப்பை நாலு, வாழை அறுபது மகாராஜா. பிள்ளைகள் ஒவ்வொரு வாழைக்கும் பேர் வைத்து வளர்த்தார்கள். ஒன்றுக்கு உங்கள் பேர். அதைத்தான் யானை முதலில் தின்றது."

ராஜாவின் மீசை துடித்தது. கோபம் என்று எல்லாரும் நடுங்கினார்கள். பார்த்தால் சிரிப்பு! வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"அண்ணாவியை அவிழ்த்து விடுங்கள். அனந்தப்பரே, நீர் தேத்தாங்குளம் போய் அறுபத்து நாலு கன்று நடும். உம் கையாலேயே தண்ணீர் ஊற்றும். வாழை குலை தள்ளிய பிறகு ஊர் திரும்பலாம். யானையில் அல்ல, நடந்து!"

பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார். "சரி இடும்பா, பதினாறு பள்ளிக்கூடம் போய்வந்தோமே. ஏதாவது ஒன்று பச்சையாக மிஞ்சியிருக்கிறதா?"

"குருவிமேடு மகாராஜா. ஒரு இலை உதிரவில்லை. குளம் ததும்புகிறது."

"குருவிமேடா? நான் அங்கே போன ஞாபகமே இல்லையே!"

"நாம் போகவில்லை. நீங்கள் வருகிறீர்கள் என்று ஆள் போனதும், ஊரில் அம்மை வார்த்திருக்கிறது என்று அந்த ஊர் அண்ணாவி சொல்லி அனுப்பிவிட்டார்."

ராஜா தொடையைத் தட்டினார். "கெட்டிக்காரன்! மாடு அவனுக்குத்தான். நானே நேரில் போய்க் கொடுக்கிறேன்!"

"தாராளமாகப் போகலாம் மகாராஜா," என்றான் இடும்பன். "ஆனால் நீங்கள் புறப்படுவதற்குள் அங்கே மறுபடியும் அம்மை வார்த்துவிடும்."