ஒரு கை குட்டையான சிலுவை

ஒரு ஊர்ல ஒரு அம்மா, ஒரு மகன். வீட்ல அவ்வளவுதான் ஆளு. கடக்கரை ஊரு. பெரிய அலை வந்தா கோயில் படியத் தொட்டுட்டுப் போகும். ம் போடுட்டி. நீ ம் போடலன்னா நான் சுவத்துக்கா கதை சொல்லுதேன்?

ம்.

அம்மா பேரு பிரகாசி. மகன் பேரு கஸ்பார். மூணு ராஜாக்கள் திருநாளன்னைக்குப் பொறந்தவன், அதான் அந்த ராஜாக்கள்ல ஒருத்தர் பேரையே வச்சுட்டா. பிரகாசிக்கு மாசம், தேதியெல்லாம் தெரியாது. பூசைக்குச் சாமியார் போட்டுட்டு வர்ற உடுப்பப் பாத்துத்தான் காலம் சொல்லுவா. ஊதான்னா தவக்காலம், இல்லன்னா கிறிஸ்மசுக்கு முந்தி. வெள்ளைன்னா பெரிய பண்டிகை. பச்சைன்னா விசேஷம் ஒண்ணுமில்லாத சும்மா காலம். "இந்த ஊதா முடிஞ்சு வெள்ளை வரட்டும்ல, உனக்குப் பொண்ணு பாக்குதேன்"ன்னு மகன்கிட்டச் சொல்லிக்கிட்டே இருப்பா. அவனும் சிரிச்சுக்கிட்டே வலையத் தூக்கிட்டுப் போயிருவான்.

அப்புறம் ஒரு வருசம் குருத்தோலை ஞாயிறு வந்துச்சு. ஊரே ஓலையப் பிடிச்சுக்கிட்டு ஓசன்னா பாடிப் பவனி போச்சு. சரசர, சரசரன்னு ஓலைச் சத்தம். கஸ்பார் வர்ற வழியிலேயே அந்த ஓலைய மடிச்சு மடிச்சு ஒரு சிலுவை செஞ்சான். செஞ்சு பாத்தா ஒரு கை நீளம், ஒரு கை குட்டை. "என்னல இது, நொண்டிச் சிலுவை"ன்னு பிரகாசி சிரிச்சா. "ஏம்மா, சிலுவைக்கு என்ன அழகு வேண்டிக் கெடக்கு"ன்னான். அத சதாசகாய மாதா படத்துக்குப் பின்னால சொருகி வச்சாங்க.

அப்போ அந்த வருசம் பெரிய வியாழனுக்குக் கஸ்பாருக்கு ஒரு பெருமை கெடச்சுச்சு. அன்னைக்குச் சாமியார் பன்னெண்டு பேரு காலக் கழுவி முத்தம் குடுப்பாரு, நீ பாத்திருக்கல்லா? அந்தப் பன்னெண்டுல இவனும் ஒருத்தன். புதன்கிழமை சாயங்காலம் பிரகாசி அவனத் திண்டுல உக்கார வச்சு, தேங்கா நார வச்சு காலத் தேச்சா. கரகர, கரகரன்னு. "மெதுவாம்மா, தோலு போகுது." "போனாப் போகட்டும்ல. சாமியார் தொடப்போற காலு."

மறுநா வெள்ளனவே அவன் கட்டுமரத்தத் தள்ளிக்கிட்டுக் கடலுக்குப் போனான். பெரிய வெள்ளிக்கிழமை யாரும் தொழிலுக்குப் போகமாட்டாங்கல்ல, அதான். "சாயங்காலப் பூசைக்கு வந்துருவேன்"ன்னு சொல்லிட்டுத்தான் போனான். மத்தியானம் ஒரு காத்து வந்துச்சு பாரு. ஹோன்னு வந்துச்சு. எல்லாரும் கரை ஏறிட்டாங்க. கஸ்பாரு?

வரல.

சாயங்காலம் கோயில்ல பன்னெண்டு நாக்காலி போட்டிருந்தாங்க. பதினோரு பேரு உக்காந்திருந்தாங்க. சாமியார் ஒவ்வொரு காலாக் கழுவிக்கிட்டே வந்து, அந்தக் காலி நாக்காலி முன்னால கொஞ்ச நேரம் முட்டிப்போட்டு இருந்தாரு. அப்புறம் எந்திரிச்சுட்டாரு. வேற என்ன செய்வாரு? வெள்ளிக்கிழமை கோயில் மணி அடிக்காதுல்லா, மரக்கட்டையத்தான் தட்டுவாங்க. டொக்கு, டொக்கு, டொக்குன்னு. அந்தச் சத்தத்துல கஸ்பாரோட மரம் கரையில ஒதுங்குச்சு. அவன் ஒதுங்கல.

பிரகாசி அழல. "மூணாம் நாள் யேசு எந்திரிச்சு வரலியா? வருவான்"ன்னு சொல்லிட்டு கடக்கரை மண்ணுல போயி உக்காந்துட்டா. மூணாம் நாளும் வந்துச்சு. டாங் டாங்னு மணி அடிச்சு, ஊரே அல்லேலூயா பாடுச்சு. சாமியார் வெள்ளை உடுப்பு போட்டாரு. அவ பொண்ணு பாக்குதேன்னு சொன்ன அதே வெள்ளை.

அவன் வந்தானா?

வரல தாயி. இந்தக் கதையில அவன் வரமாட்டான், இப்பவே சொல்லிட்டேன். அதுக்காகக் காத்துக்கிட்டு முழிச்சுக் கெடக்காத.

அப்புறம் பச்சை உடுப்பு வந்துச்சு. பொதுக்காலம்னு பேரு அதுக்கு. எல்லாருக்கும் பொதுவாம். இவளுக்கு மட்டும் அது ஓடவே மாட்டேங்குது. தெனம் கோயில்ல போயி உக்காருவா. அருள் நிறை மரியே, பரலோக மந்திரம் எல்லாம் மறந்து போச்சு. ஒரே ஒரு வார்த்தைதான் செபம். "அனுப்பிரு." காலையிலயும் அனுப்பிரு, சாயங்காலமும் அனுப்பிரு. சாமியார் வந்து, "பிரகாசி, கஸ்பாருக்கு ஒரு ஆத்துமப் பூசை வைக்கலாமா"ன்னு கேட்டாரு. "உசுரோட இருக்கவனுக்கு எதுக்கு சாமி"ன்னுட்டா.

அப்போ கல்லறைத் திருநாள் வந்துச்சு. அவங்கவங்க அவங்கவங்க கல்லறைக்குப் பூவும் மெழுகுவத்தியும் கொண்டு போனாங்க. இவ எங்க போவா? மெழுகுவத்திய எடுத்துட்டு அலை ஓரத்துக்குப் போனா. செத்தவங்களுக்குன்னு இல்ல, கரை தெரியட்டும்னு பொருத்துனா. புஸ்னு அணைஞ்சு போச்சு. மறுபடி பொருத்துனா, புஸ். மூணாவது வாட்டி முந்தானையால மூடிக்கிட்டுப் பொருத்துனா. முந்தானையில தீ பிடிச்சதுதான் மிச்சம்.

ம் போடு.

ம்.

அப்புறம் திருவருகைக் காலம். திரும்பவும் ஊதா. சாமியார் பிரசங்கத்துல, "அவர் வருவார், விழிச்சிருங்க, வந்து தட்டும்போது கதவு தெறந்திருக்கணும்"ன்னாரு. சாமியார் சொன்னது யேசுவ. பிரகாசி காதுல விழுந்தது மகன். அந்தக் காலம் பூரா அவ வீட்டுக் கதவு சாத்தல. ரெண்டு பேருக்குச் சோறு பொங்குவா. மழை உள்ள வரும், நாய் உள்ள வரும், நாய் அந்தச் சோத்தத் தின்னுட்டுப் போகும். கிறிஸ்மஸ் பூசையில குழந்த யேசுவக் குடில்ல வச்சு, "பிறந்துவிட்டார்"னு எல்லாரும் பாடுனாங்க. பிரகாசி குடில எட்டிப் பாத்துட்டு, "இவரு வந்துட்டாரு"ன்னு மட்டும் சொன்னா. வீட்டுக்கு வந்து கதவச் சாத்துனா.

மூணு ராஜாக்கள் திருநாளும் போச்சு. அப்புறம்தான் சாமியாருக்கு ஒத்தாசையா இருக்க தொம்மை உபதேசியார் சாக்கத் தூக்கிக்கிட்டு வீடு வீடா வந்தாரு. எதுக்குத் தெரியுமா? சாம்பல் புதனுக்கு நெத்தியில பூசுறாங்கல்லா, அந்தச் சாம்பல் எங்கேருந்து வருதுன்னு நெனச்ச? அடுப்புச் சாம்பல் இல்ல. போன வருசக் குருத்தோலைய எல்லா வீட்லயும் வாங்கி எரிச்ச சாம்பல்.

மொத நாளு கேட்டாரு. "எங்க வீட்ல இல்ல"ன்னுட்டா.

ரெண்டாம் நாளு வந்தாரு. "மாதா படத்துக்குப் பின்னால தெரியுதே பிரகாசி." "அது ஓலையில்ல உபதேசியாரே. அது என் மகன்." மனுசன் தலையக் குனிஞ்சுக்கிட்டுப் போயிட்டாரு.

அவரு போனப்புறம் படத்தக் கழத்திப் பாத்தா. பாத்தா, ஐயோ, கரையான். சிலுவையோட நீளக் கைய அரிச்சுத் தின்னுருக்கு. தொட்டதும் பொலபொலன்னு உதுந்துச்சு. ரெண்டு கையும் குட்டையாப் போச்சு. அத உள்ளங்கையில வச்சுக்கிட்டு அவ உக்காந்தே இருந்தா. வச்சிருந்தாலும் போகுது, குடுத்தாலும் போகுது. எரிச்சா நெத்திக்காவது வரும்.

மூணாம் நாளு அவளே கொண்டு போனா. கோயில் முத்தத்துல ஓலையெல்லாம் குமிச்சு வச்சிருந்தாங்க. "இத மட்டும் தனியா எரிச்சுத் தருவீங்களா?" "அப்படிச் செய்யுற வழக்கமில்லையேம்மா. எல்லாம் சேந்துதான்"ன்னாரு உபதேசியாரு. அவளே போட்டா. படபடபடன்னு எரிஞ்சுச்சு. காஞ்ச ஓலை, எவ்வளவு நேரமாகும்? கண்ண மூடித் தெறக்கதுக்குள்ள எது யாரு ஓலைன்னு தெரியாமப் போச்சு.

சாம்பல் புதன். வரிசையில நின்னா. சாமியார் பெருவெரல்ல சாம்பலத் தொட்டு அவ நெத்தியில சிலுவை போட்டு, "நீ மண்ணாக இருக்கிறாய், மண்ணுக்கே திரும்புவாய்"னு சொன்னாரு. எல்லாருக்கும் சொல்லுறதுதான். பிரகாசி நகரல. "என் புள்ள மண்ணுக்கு வரலையே சாமி"ன்னா. "தண்ணியிலல்லா கெடக்கான்." சாமியார் வெரலு அப்படியே நின்னு போச்சு. பின்னால இருந்தவங்க நெருக்குனாங்க, அவ நகந்துட்டா.

வெளிய வந்து கோயில் வாசல்ல நின்னுக்கிட்டு வர்றவங்க போறவங்க நெத்தியையெல்லாம் உத்து உத்துப் பாத்தா. இவன் நெத்தியில இருக்கானா, அந்தப் புள்ள நெத்தியில இருக்கானா? சில பேரு பயந்து மூஞ்சியத் திருப்பிக்கிட்டாங்க. சாயங்காலத்துக்குள்ள ஊரே மூஞ்சி கழுவிருச்சு. இவ கழுவல. தண்ணியே படாமப் போயிப் படுத்துட்டா.

காலையில எந்திரிச்சுக் கண்ணாடி பாத்தா, நெத்தி வெறுமையா இருக்கு. திரும்பிப் பாத்தா, தலையணையில கருப்பா ஒரு சாம்பல் தீத்தல். அவ்வளவுதான். அவ்வளவுதான் அவளுக்குத் திரும்பி வந்தது. அந்தத் தலையணையில கைய வச்சா. "கஸ்பாரே"ன்னா. அப்புறம் அழுதா பாரு. ஒரு வருச அழுகை. ஊரே ஓடி வந்துச்சு. "செத்துப் போயிட்டானே"ன்னு அன்னைக்குத்தான் அவ வாயால சொன்னா.

அப்போ அவ அந்தத் தலையணை உறையக் கழத்தி மடிச்சுக்கிட்டு, கல்லறைத் தோட்டத்துக்குப் போனா. கடலப் பாத்த மூலையில கையாலேயே தோண்டுனா, பறட்டு பறட்டுன்னு. சாமியாரும் உபதேசியாரும் பக்கத்துல நின்னு செபம் சொன்னாங்க. உறைய உள்ள வச்சு மண்ணத் தள்ளுனா. "மண்ணுக்கு வந்துட்டல்லா"ன்னா. அப்புறம் மேல பாத்து, "சரி, வச்சுக்கோ"ன்னா. அனுப்பிருன்னு சொன்ன வாயி.

அப்புறம் நல்லாயிட்டாளா?

நல்லாகல. பொய் சொல்லமாட்டேன். கல்லறைத் திருநாளுக்கு உக்கார அவளுக்கு ஒரு எடம் கெடச்சுச்சு, அவ்வளவுதான். அதுக்கப்புறம் ஊதா வரும், வெள்ளை வரும், பச்சை வரும். அவளும் கோயிலுக்கு வருவா.

அப்ப தலையணைக்கு உறை?

போடவேயில்லட்டி. அந்த வெறும் பஞ்சுலதான் கடைசி வரைக்கும் படுத்தா. உன்னுது நல்ல உறைதான், நேத்துத்தான் தொவைச்சேன். தலைய வையி. கதை கரையேறிருச்சு, கண்ண மூடு.