மொட்டைத் தலைக்கு ஜடைப் படம்

வான்மதிக்கு வயது இருபத்தொன்பது. அவளிடம் வெப்சைட் வேலை கற்றுக்கொண்டிருந்த அருளப்பனுக்கு ஐம்பத்திரண்டு. அவர் அவளை டீச்சர் என்பார், அவள் அவரை சார் என்பாள். பார்க்கிறவர்கள்தான் குழம்புவார்கள்.

தைப்பூசக் கூட்டத்தில் காணாமல் போகிறவர்களின் படங்களைத் தொண்டர்களின் போனில் காட்டும் பக்கம், அருளப்பன் தனியாகச் செய்த முதல் வேலை. கோயில் மலையடிவாரத்தில் சிக்னல் இழுபறி. அதனால் ஒருமுறை வந்த படத்தைப் போனிலேயே சேமித்து வைத்துக்கொள், ஒரு வருஷத்துக்கு மறுபடி கேட்காதே என்று செட்டிங்கில் எழுதிவிட்டார். பக்கம் பறந்தது. மனுஷனுக்குப் பெருமை தாங்கவில்லை.

அன்று காலை பத்து மணிக்கு மகிழினி என்ற நாலு வயதுக் குழந்தை தொலைந்தது. தாய் கைக்குக் கிடைத்த படத்தைக் கொடுத்தாள். ரெட்டை ஜடை, சிவப்பு ரிப்பன். பயத்தில் அவளுக்கு வேறெதுவும் நினைவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத் தாய்மாமன் ஓடி வந்தார்.

"ஐயா, இப்பதான் என் மடியில உக்கார வெச்சு மொட்டை போட்டோம். இந்தப் படத்தைப் போடுங்க."

அருளப்பன் பழைய படத்தின் பெயரிலேயே புதுப் படத்தை ஏற்றினார். வேலை முடிந்தது என்று நினைத்தார்.

அரை மணி கழித்து ஒரு தொண்டர், ரெட்டை ஜடை போட்ட யாரோ வீட்டுக் குழந்தையைக் கூட்டி வந்தார். அருளப்பன் அவர் போனை வாங்கிப் பார்த்தார். அதில் இன்னும் ஜடைதான் இருந்தது. படத்தின் பெயர் மாறாததால், சேமித்ததே போதும் என்று எந்தப் போனும் புதுப் படத்தைக் கேட்கவே இல்லை. முந்நூறு தொண்டர்களும் மொட்டைகளைத் தாண்டித் தாண்டி ஜடையைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

"டீச்சர், இந்தப் பாவம் என்னுதுதான்" என்றார், கூடவே இருந்த வான்மதியிடம்.

"அப்புறம் அழலாம் சார். மைக்குக்குப் போங்க."

மொட்டைத் தலை, சந்தனம், பச்சைப் பாவாடை என்று தொண்டை கட்டும்வரை சொன்னார். பக்கத்தில் குளம். அந்தப் பக்கம் யார் சத்தம் போட்டாலும் அவருக்கு உயிர் போய் வந்தது.

பன்னிரண்டு மணிக்கு நீர்மோர்ப் பந்தல்காரர் ஒருவர் குழந்தையைத் தூக்கி வந்தார். தாய் பாதையைப் பார்த்துக்கொண்டுதான் நின்றாள். அவள் கண்கூட அந்த மொட்டைத் தலையைத் தாண்டிப் போனது.

"அம்மா" என்றது குழந்தை.

அவள் திரும்பினாள். அதற்குமேல் அருளப்பனால் பார்க்க முடியவில்லை. அழுதுவிட்டார்.

பிறகு லேப்டாப்பைத் திறந்தார்.

"ஒரு வருஷத்தை எடுத்துடறேன் டீச்சர். எதையுமே சேமிக்க வேண்டாம். ஒவ்வொரு தடவையும் புதுசா வரட்டும்."

"இந்த சிக்னல்லயா?"

"அப்ப எத்தனை நாள் வைக்கணும்? ஒரு நாளா, ஒரு மணி நேரமா? பயமா இருக்கு, சொல்லிடுங்க."

வான்மதி லேப்டாப்பை மூடி, அவரைப் பந்தலோரம் கூட்டிப் போனாள். தாய் குழந்தையை மடியில் வைத்திருந்தாள். அவள் விரல்கள் குழந்தையின் காதோரம், இல்லாத முடியை ஒதுக்கிக்கொண்டிருந்தன.

"பாத்தீங்களா? அவங்க இன்னும் ஜடையை விடலை."

"ஆமா."

"அப்புறம் எப்படித் திரும்பினாங்க?"

"குழந்தை கூப்பிட்டுது."

"நம்ம புதுப் படத்தை மட்டும் ஏன் சார் கூப்பிட விடலை?"

அருளப்பன் திரும்பி வந்து லேப்டாப்பைத் திறந்தார். ஒரு வருஷத்தை அப்படியே விட்டுவிட்டு, படம் மாறினால் அதன் பெயரும் மாறும்படி எழுதினார்.