அண்ணாச்சி குடிச்ச தண்ணி

குரு, சிஷ்யன் கதைன்னு சொன்னதுமே உங்க மனசுல ஒரு ஆலமரம் முளைச்சிருக்கும். அதுக்குக் கீழ ஒரு தாடிக்காரர். சிஷ்யன் கேள்வி கேப்பான். அவர் ஒரு இலையைக் கிள்ளிக் காட்டுவார். அவனுக்கு ஞானம் வந்துரும், நீங்களும் எந்திரிச்சுச் சாப்பிடப் போயிரலாம்.

இந்தக் குருவுக்குத் தாடி கிடையாது. பொம்பளை. பேரு அருளம்மை, உப்பளத்துக்கு இந்தப் பக்கம் ஓலைக்கூரை போட்ட மடம். சிஷ்யருக்கு அவங்களவிட ரெட்டிப்பு வயசு. அப்புறம் அந்த ஆலமரம்? அதையும் பிடுங்கிப் போட்டுருங்க. கண்ணுக்கெட்டின தூரம் உப்புப் பாத்திதான். மரமே கிடையாது.

சிஷ்யர் பேரு மாசிலாமணி அண்ணாச்சி. அரிசி ஆலை வச்சுச் சம்பாதிச்சார், இப்ப டிரஸ்ட் வச்சுச் செலவழிக்கார். வருஷா வருஷம் வெயில் ஏறுதே, உப்பளத்துப் பொம்பளைங்களுக்குக் கரு தங்கமாட்டேங்குதேன்னு மனுஷனுக்கு நெசமாவே வருத்தம். பூமி குளிரணும்னு போன வருஷம் அவர் செய்யாத காரியமில்ல. ஆனாலும் அந்தக் கோடையிலதான் செவந்தின்னு ஒரு பொண்ணுக்கு அஞ்சாம் மாசம் கலைஞ்சுபோச்சு. இப்ப அவளுக்கு மறுபடியும் அஞ்சாம் மாசம். நீர்க்கடுப்பு, காய்ச்சல். அதோடயே உப்பு வாரிக்கிட்டிருக்கா.

அன்னைக்கு மடத்துக்கு வந்தப்பவே அண்ணாச்சிக்கு இருப்புக்கொள்ளல.

"அம்மா, தண்ணி குடிக்காமதான் இவங்களுக்கு இந்தச் சீக்கெல்லாம்னு டாக்டர் சொன்னார். பாத்திக்கு நடுவுல தண்ணிப்பந்தல் போட்டேன். வடிகட்டின தண்ணி. ஒருத்தியும் தொடமாட்டேங்கா. சாயந்திரம் டிரஸ்ட் கூட்டம். இன்னும் நாலு பந்தல் போடவா, இல்ல இந்த ஊரே வேண்டாம்னு விட்டுரவா? இன்னைக்குச் சொல்லியாகணும்."

"பந்தல்லயே போய்ப் பேசுவோம் அண்ணாச்சி. வண்டிய அனுப்பிருங்க. நடந்து போவோம்."

நடந்தாங்க. நல்ல வெயில். நாலு தூணு, மேல தகரம், முன்னால அண்ணாச்சி பேரெழுதின பலகை. சுவர் எதுவும் கிடையாது. அருளம்மை ஒரு சொம்பு தண்ணி மோந்து நீட்டினாங்க.

"குடிங்க."

குடிச்சார்.

"பதில் சொல்லுங்கம்மா."

"இன்னொரு சொம்பு குடிங்க."

அதையும் குடிச்சார். அடுத்ததையும் குடிச்சார். குரு குடுத்தா வேண்டாம்னு சொல்ல முடியுமா? அப்புறம் அருளம்மை கையைக் கட்டிக்கிட்டு உக்காந்துட்டாங்க. சுத்திலும் பொம்பளைங்க பலகையால உப்பை இழுத்துக்கிட்டிருந்தாங்க.

அண்ணாச்சி கால் மேல கால் போட்டார். மாத்திப் போட்டார். எந்திரிச்சார். உக்காந்தார். மறுபடியும் எந்திரிச்சுப் போய்த் தன் பேரை வாசிச்சார். திரும்ப ஒரு தரம் வாசிச்சார். அவ்வளவு நீளமான பேரும் இல்ல.

உப்புக்கூடையோட போன கனியம்மா ஒரு நிமிஷம் நின்னா. செவந்திக்கு நாத்தனார் அவ.

"அண்ணாச்சி என்ன, டான்ஸு பழகுதாகளா?"

அருளம்மை சிரிக்கல. "இன்னொரு சொம்பு தரட்டுமா அண்ணாச்சி?"

"வேண்டாம்மா." குரல் ஒரு தினுசா வந்துச்சு. "மடத்துக்கு ஒரு எட்டு போயிட்டு வந்துருவோமே."

"கேட்ட கேள்விக்குப் பதில் வேண்டாமா?"

"வேணும்மா. ஆனா இப்ப... கொஞ்சம் ஒதுங்கணும்."

"ஒதுங்குங்க."

அண்ணாச்சி தெக்கே பார்த்தார். பாத்தி. வடக்கே பார்த்தார். பாத்தி, அதுக்குள்ள ஏழெட்டுப் பொம்பளைங்க. கெழக்கே செவந்தி, இடுப்புல கைய ஊனிப் பல்லைக் கடிச்சுக்கிட்டு வரப்புல நின்னா. அவர் சட்டுனு முகத்தைத் திருப்பிக்கிட்டு மேக்கே பார்த்தார். நெத்திக்கு மேல கைய வச்சு, எட்டி எட்டிப் பார்த்தார்.

"அந்தக் கரையில முள்ளுக்காடு ஒண்ணு அடர்த்தியா நின்னுச்சே. அதை எங்க காணோம்?"

அருளம்மை அவரைப் பார்த்தாங்க.

கனியம்மாவுக்குத்தான் பொறுக்கல. கூடையை வரப்புல இறக்கி வச்சா.

"நீங்கதான அண்ணாச்சி வெட்டச் சொன்னீங்க. சீமைக்கருவேலம் பூமியைக் கெடுக்குதுன்னு போன வருஷம் மாசியில ஜேசிபி அனுப்பி வேரோட பிடுங்கினீங்க. எங்களுக்கு இருந்த மறைவு அது ஒண்ணுதான். அன்னையிலேருந்து பொழுது அடையுற வரைக்கும் நாங்க ஒரு வாய்த் தண்ணி குடிக்கிறதில்ல. செவந்தி பிள்ளை போனது அதுக்கப்புறந்தான்."