பிறந்தநாள் பாயசமும் நகராத தேரும்

மாறனேரி ராஜா உதயராயர் தன் பிறந்தநாளுக்கு ஊரையே கூப்பிட்டுப் பந்தி வைத்தார். பாயசம் தெருமுனைவரை மணந்தது. மறுநாள் விடிவதற்குள் ஊரே செம்பும் கையுமாக ஆற்றங்கரையில் நின்றது.

அன்றைக்குப் பார்த்துத் தேர்த் திருவிழா. அண்டை நாட்டு ராஜாக்கள் மூன்று பேர் தேர் பார்க்க வந்து உட்கார்ந்திருந்தார்கள். சனமோ தேரடிக்குப் போகாமல் அரண்மனை வாசலுக்கு வந்துவிட்டது.

"ராஜா பதில் சொல்லட்டும். அதுவரை வடத்தைத் தொட மாட்டோம்."

மந்திரி அனந்தப்பர் ராஜாவுக்குப் பேசச் சொல்லிக்கொடுத்தார். "எதைக் கேட்டாலும் ஒரே பதில், மகாராஜா. அரண்மனையில் எவருக்கும் ஒன்றுமில்லை. முகத்தைக் கல்லாக வைத்துக்கொள்ளுங்கள்."

மந்திரிகளுக்கு இது ஒன்றுதான் தெரியும். நான் பார்க்காத மந்திரியா.

ராஜாவைச் சிரிக்கவைக்கவே சபையில் இருந்தவன் சிங்காரன். அவன் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு எதிரே வந்து நின்றான். "ஒத்திகை பார்ப்போம். நான்தான் ஊர்ச்சனம். ராஜாவே, வயிறு எப்படி?"

"அரண்மனையில் எவருக்கும் ஒன்றுமில்லை."

"ஓகோ. எங்களுக்கு ஒரு பானை, உங்களுக்கு ஒரு பானையா? பந்தியில் வஞ்சனையா?"

ராஜா மந்திரியைத் திரும்பிப் பார்த்தார். பந்தியில் வஞ்சனை செய்தவன் வீட்டில் அந்த ஊரார் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார்கள்.

சிங்காரன் காதோடு கேட்டான். "நிஜத்தில் எத்தனை தடவை, மகாராஜா?"

"பதினொன்று."

"அதைப் போய்ச் சொல்லுங்கள்."

மந்திரி தலையில் அடித்துக்கொண்டார். "ராஜா வாயால் சொல்கிற பேச்சா இது?"

ராஜா வாசலுக்குப் போனார். "தேங்காய்ப்பால் திரிந்தது தெரியாமல் பரிமாறிவிட்டோம். தப்பு அரண்மனையுடையது. நானும் அதே பானைப் பாயசம்தான் குடித்தேன். பதினொரு தடவை போனேன்."

சனம் வாயைப் பிளந்தது. செக்கு ஆட்டும் மூக்காயி முன்னால் வந்தாள். "நான் பதினாலு, சாமி."

கூட்டம் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது. ஆளாளுக்கு எண்ணிக்கை சொன்னார்கள். சிலர் வடத்தைப் பிடிக்கக் கிளம்பியும்விட்டார்கள். மூக்காயி விடவில்லை. "பக்கத்தில் நிற்கிற மந்திரி ஐயாவுக்கு எத்தனை?"

மந்திரி முகத்தைக் கல்லாக்கினார். "எனக்கு ஒன்றுமில்லை."

சிரிப்பு நின்றது. கிளம்பிய கால்களும் நின்றன. "அப்போ இவருக்குத் தனிப் பானையா?" என்றாள் மூக்காயி.

அந்த நேரம் பார்த்து மந்திரி வயிற்றைப் பிடித்தார். அங்கவஸ்திரம் ஒரு பக்கம் பறக்க, கொல்லைப்பக்கம் ஓடினார்.

சிங்காரன் கைகூப்பினான். "கோபிக்காதே, ஆத்தா. ஐயா இன்னும் எண்ணி முடிக்கவில்லை."

ராஜா தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தேர் நிலையைவிட்டுக் கிளம்பியது. ராஜாவின் முத்துமாலை சிங்காரன் கழுத்துக்குப் போனது. மந்திரிக்கு மூன்று நாள் மோர்க்கஞ்சி கொடுத்தார்கள். அதையும் கொடுத்திருக்க வேண்டாம் என்பேன் நான்.