பந்தைத் தொடாமல் ஒரு கோல்

தாளாளர் வந்து உட்கார்ந்தால் மைதானத்தில் காக்காகூட அவரிடம் கேட்டுத்தான் கத்தும். கல்லூரிக் கால்பந்து அணிக்குப் புது மாணவர்களை எடுக்கும் நாள் அது. பாக்கி இருந்தது ஒரே இடம். அதற்கு அவர் மகன் அனிஷ் புது பூட்ஸோடு நின்றான். கடற்கரைக் கிராமத்துப் பிரிட்டோ வெறுங்காலோடு நின்றான். இடம் கிடைத்தால் அவனுக்குக் கல்லூரி, இல்லையென்றால் கடல்.

"பூட்ஸ் இல்லாத காலு என் பந்துல படக் கூடாது," என்றார் தாளாளர். "தொடாம ஒரு கோல் போடு, சேத்துக்கறேன்."

எல்லாரும் சிரித்தார்கள். கோச் மட்டும் தலையைக் குனிந்துகொண்டார்.

"செரி சார்," என்றான் பிரிட்டோ.

ஆள் எடுக்க நடத்திய ஆட்டத்தில் அனிஷ் எதிரணித் தடுப்பாட்டக்காரன். அவனிடம் பந்து வந்ததும் பிரிட்டோ நேராக அவன்மேல் பாய்ந்து ஓடினான். மணலில் ஆடி வளர்ந்தவனுக்குத் தெரியும், பழகாதவன் ஆள் வருவதைக் கண்டால் முதுகு காட்டித் திரும்புவான். அனிஷும் திரும்பினான். எதிரே அவனுடைய கோல்தான் இருந்தது. காலடிச் சத்தம் நெருங்கவே, கோல்கீப்பருக்குத் தள்ளுவதாக நினைத்துக் கண்ணை மூடி உதைத்தான். பந்து கோல்கீப்பரைத் தாண்டி வலைக்குள் போனது.

"செல்லாது! அடிச்சது என் மகன்!" தாளாளர் கத்தியது கேட் வரை கேட்டது.

"ஆமா சார். அவரு கோலுக்குள்ள அவரேதான் அடிச்சாரு. நான் தொடவே இல்ல."

இப்போது யாரும் சிரிக்கவில்லை. கோச் நிமிர்ந்து, அந்த இடத்துக்குப் பிரிட்டோவின் பெயரைச் சத்தமாகச் சொன்னார்.

பிரிட்டோ வலைக்குள் கிடந்த பந்தின் பக்கத்தில் போய் நின்றான்.

"இனி தொடலாமா சார்?"