வாய்க்காலில் கரைத்த உப்பு

ஊர்ப் பேரைக் கேட்காதீர்கள். ஏன் கேட்கிறீர்கள் என்று அங்கே அதற்கும் சந்தேகப்படுவார்கள்.

மதகில் நிறைந்து ஓடிய தண்ணீர் கடைமடை வயலுக்கு வந்து சேரவில்லை. ஆளுக்கு ஆள் சந்தேகப்பட்டார்கள். கடைசியில் எல்லோரும் சேர்ந்து நீர்பாய்ச்சி வீரணனைப் பிடித்தார்கள்.

"இவன்தான் மடையை மாத்தி விடுறான்," என்றார் பண்ணையார் வைரவநாதர். "பொழுது சாயுறதுக்குள்ள திருடனைக் காட்டு. இல்லைன்னா ஊரைவிட்டுப் போடா. என்னை ஏன் பார்க்கிறீங்க? என் வெத்தலைக் கொடிக்காலுக்குக் கிணத்துத் தண்ணி!"

வீரணன் தலையைச் சொறிந்தான்.

"நான் எதுக்குங்க ஐயா காட்டணும்? திருடினவன் பயிரே கருகிக் காட்டிடும். மதகுல நாலு மூட்டை உப்பைக் கரைச்சுட்டுத்தான் வர்றேன். இன்னிக்குக் கடைமடை முறை, மத்த மடையெல்லாம் அடைச்சிருக்கு. கடைமடைக்குத்தான் தண்ணியே வரலையே, யாருக்கு என்ன நட்டம்?"

"அடப்பாவி, என் கொடிக்கால்!"

பண்ணையார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார். பின்னாலேயே ஊரும் ஓடியது. வாய்க்கால் கரையில் தாழம்புதரை விலக்கி, உள்ளே ஒளிந்திருந்த குழாயின் வாயைத் தன் பட்டுத் துண்டால் அடைத்துக்கொண்டிருந்தார் அவர்.

வீரணன் நிதானமாக வாய்க்காலில் இறங்கி, ஒரு கை அள்ளிக் குடித்தான்.

"துளிகூடக் கரிக்கலீங்களே ஐயா. எதுக்கு இப்படி ஓடி வந்தீங்க?"